இலையில் பிறந்த வெளிச்சம்: தண்ணீரில் ஒளிந்திருக்கும் உலோக நஞ்சைக் காட்டிக் கொடுக்கும் புது வித்தை



கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தால் அதை யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வாளி மஞ்சளாகிப் போகிறது. வெள்ளைத் துணியில் துருக்கறை பிடிக்கிறது. வாயில் வைத்தால் ஆணியை நக்கின மாதிரி இருக்கிறது. நாமே ஒதுங்கிக் கொள்கிறோம். ஆனால் காரீயம், பாதரசம், காட்மியம் என்கிற உலோகங்கள் அப்படி இல்லைங்க. தண்ணீரில் கரைந்துவிட்டால் நிறம் கிடையாது, வாடை கிடையாது, ருசியும் கிடையாது. குடிக்கிறவனுக்குத் தெரியாமலே உள்ளே போய், வருடக்கணக்கில் எலும்பிலும் சிறுநீரகத்திலும் மூளையிலும் தங்கிவிடும்.

இந்த ஒளிந்திருக்கும் எதிரியைப் பிடிக்க உலகமெங்கும் விஞ்ஞானிகள் ஒரு புது வழியைச் சோதித்து வருகிறார்கள். அதற்கு வேண்டிய மூலப்பொருள் என்ன தெரியுமா? துளசி இலை, பம்ப்ளிமாஸ் தோல், புல், அரநெல்லிக்காய், நம் செம்பனைக் குலையின் சக்கை! இவற்றைக் கரியாக்கி, அந்தக் கரியை ஒளிர வைத்து, அந்த ஒளி மங்குவதைக் கொண்டு நஞ்சைக் கண்டுபிடிக்கிறார்கள். அது எப்படி என்பதையும், அதுவரை நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையும் இந்த இதழில் பாடமாகப் படிப்போம்.

நமக்கு இது எதற்கு?

'நாம் தோட்டத்து ஆளுங்க, நமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி?' என்று கேட்காதீர்கள். பட்டர்வொர்த்தை ஒட்டிய மாக் மண்டின் வட்டாரத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பினாங்கு மாநிலத்தில் தொடக்கக் காலத்தில் எழுந்த தொழிற்பேட்டைகளில் அதுவும் ஒன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பிறகு, பால் வாளியை இறக்கி வைத்துவிட்டு மாக் மண்டினுக்கும் பிறைக்கும் தொழிற்சாலை வேலை தேடி வந்த குடும்பங்கள் ஏராளம். அப்பா தோட்டத்தில், மகன் தொழிற்சாலையில் என்று ஒரே வீட்டில் இரண்டு உலகமும் இருக்கிறது. உலோக நஞ்சு இந்த இரண்டு உலகத்திலும் இருக்கிறது.

தொழிற்சாலைப் பக்கம் பார்த்தால், பேட்டரித் தகட்டில் காரீயம், முலாம் பூசும் தொட்டியில் குரோமியமும் நிக்கலும், பழைய சாயத்தில் காரீயம், குழல் விளக்கில் பாதரசம். 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ நம் பெண்பிள்ளைகள் மின்னணுப் பலகைகளுக்குப் பற்றவைப்பு வேலை செய்தார்கள். அந்தக் காலத்துப் பற்றுக்கம்பியில் ஈயத்தோடு காரீயமும் கலந்திருந்தது. 2006-ல் ஐரோப்பிய நாடுகள் கட்டுப்பாடு கொண்டு வந்த பிறகுதான் காரீயம் இல்லாத கம்பி பரவலாயிற்று.

தோட்டத்துப் பக்கம் பார்த்தால், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களில் களைக்கு அடித்த மருந்து சோடியம் ஆர்சனைட். அதிலுள்ள ஆர்சனிக் மண்ணை விட்டு எளிதில் போகாது. பாறைப் பாஸ்பேட் உரத்தில் இயற்கையாகவே கொஞ்சம் காட்மியம் ஒட்டிக் கொண்டு வரும். பூஞ்சைக்கு அடிக்கும் மயில்துத்தத்தில் செம்பு உண்டு. அந்தச் செம்பும் மாங்கனீசும் துளி கலந்தாலே ரப்பர் ஷீட்டு பிசுபிசுத்துக் கெட்டுப் போகும் என்று புகைக்கூண்டில் வேலை பார்த்த மூத்தவர்களுக்குத் தெரியும். ரப்பருக்காக உலோகத்தை அளந்து பார்த்தார்கள். தொழிலாளி குடிக்கும் தண்ணீரை எத்தனை தோட்டத்தில் அளந்து பார்த்தார்கள்?

ஆற்றையும் மறக்கக் கூடாது. 1970களில் பிறைத் தொழிற்பேட்டையின் கழிவு ஜூரு ஆற்றைக் கெடுத்துவிட்டது, மீன் இல்லை, சிப்பி இல்லை என்று குவாலா ஜூரு மீனவர்கள் குரல் எழுப்பினார்கள். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. நஞ்சு கலந்ததென்று சொல்ல மீனவர்களிடம் இருந்த சாட்சி காலி வலை ஒன்றுதான். கையில் ஒரு சோதனைக் கருவி இருந்திருந்தால்? இந்தக் கேள்விதான் இந்தப் பாடத்தின் உயிர்.

ஒரு சொல் விளக்கம்: ஈயம் வேறு, காரீயம் வேறு

நம் நாட்டில் 'ஈயம்' என்றால் லம்பத்தில் எடுத்த வெள்ளீயம். பட்டர்வொர்த்தில் உருக்கியதும் அதைத்தான். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசும் பூச்சும் அந்த வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும். அதனால் பெரிய கெடுதல் இல்லை. 'காரீயம்' என்பது வேறு. கனமானது, மெத்தென்று வெட்டுப்படும், வெட்டினால் பளபளத்துப் பிறகு கருக்கும். மீன் வலைக் குண்டும் பேட்டரித் தகடும் அதுதான். நஞ்சு என்று நாம் சொல்வது இந்தக் காரீயத்தையே. மலிவுக்காகப் பூச்சு வேலையில் காரீயம் கலப்பவர்கள் உண்டு. ஆகையால் தெரியாத ஆளிடம் பாத்திரம் பூசக் கொடுக்காதீர்கள்.

உலோகம் தண்ணீரில் எப்படி ஒளிகிறது?

ஒரு கரண்டி உப்பைத் தண்ணீரில் போட்டால் உப்பு மறைகிறது. ஆனால் அழிவதில்லை. கண்ணுக்கெட்டாத சிறு துகள்களாகப் பிரிந்து, மின்னேற்றம் பெற்று, தண்ணீரோடு தண்ணீராய் மிதக்கிறது. மின்னேற்றம் பெற்ற இந்தத் துகளைத்தான் 'அயனி' என்கிறோம். காரீயமும் பாதரசமும் இப்படி அயனியாகித்தான் தண்ணீரில் ஒளிகின்றன.

இங்கே ஒரு தப்பெண்ணத்தைத் திருத்திக் கொள்ள வேண்டும். 'கொதிக்க வைத்துக் குடித்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். அது மிகவும் நல்லது. ஆனால் உலோகம் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்சத் தண்ணீரில் உலோகத்தின் அளவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும் அயனி நிற்காது.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? மலேசியக் குடிநீர்த் தரத்தின்படி ஒரு லிட்டர் தண்ணீரில் இருக்கக் கூடிய உச்ச அளவு இது:

காரீயம் 0.01 மில்லிகிராம்.
ஆர்சனிக் 0.01 மில்லிகிராம்.
காட்மியம் 0.003 மில்லிகிராம்.
பாதரசம் 0.001 மில்லிகிராம்.
இரும்பு 0.3 மில்லிகிராம்.
செம்பு 1 மில்லிகிராம்.

காரீயக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 20,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 50 நிற்கிறது என்று வையுங்கள். மொத்தம் பத்து லட்சம் லிட்டர். அதில் 10 கிராம் காரீயம் கரைந்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஐம்பது லாரித் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி கூட இல்லை! இதை நாக்கோ மூக்கோ எப்படிக் கண்டுபிடிக்கும்?

கண்டுபிடிக்காததால் வந்த வினை

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊர். அங்கிருந்த சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீன் அதைத் தின்றது, மீனை மனிதன் தின்றான். பூனைகள் வெறிபிடித்தாற்போல் ஆடிச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் நடுங்கிற்று, பார்வை சுருங்கிற்று, பேச்சுக் குழறிற்று. 1956-ல்தான் இது நோய் என்று அதிகாரபூர்வமாகப் பதிவாயிற்று. ஆலை கழிவு விடுவதை நிறுத்தியது 1968-ல். நடுவே 12 ஆண்டு! அதே ஜப்பானில் ஜின்ட்ஸு ஆற்றோரம் சுரங்கக் கழிவிலிருந்து வந்த காட்மியம் நெல் வயலில் பாய்ந்து, சோறு தின்ற பெண்களின் எலும்பு நொறுங்கிப் போயிற்று. வலி தாங்காமல் அலறிய அலறலே அந்த நோய்க்குப் பெயராயிற்று.

'அது ஜப்பான்காரன் கதை' என்று தள்ளிவிட முடியாது. நம் இனத்துத் தொழிலாளர்களின் கதையும் உண்டு. தமிழ்நாட்டில் கொடைக்கானல் மலையில் காய்ச்சல் பார்க்கும் பாதரசக் கண்ணாடிக் குழாய் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்து 1980களின் தொடக்கத்தில் அங்கே கொண்டு வந்தார்கள். பிறகு அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய சாமான் கடையில் கிடந்ததை 2001 மார்ச்சில் பொதுமக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தாரும் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. போதிய பாதுகாப்பில்லாமல் பாதரசத்தோடு வேலை செய்ததால் சிறுநீரகமும் நரம்பும் கெட்டுப் போயின என்று தொழிலாளர்கள் சொன்னார்கள். வேலையால் நோய் வரவில்லை என்று நிறுவனம் மறுத்தது. வழக்கு நடந்து, 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரச உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். ஆலை மூடி 15 ஆண்டு கழித்து!

இதிலே நமக்குள்ள பாடம் என்ன? அளவு தெரியாதபோது வாதம் வளர்கிறது. தண்ணீரில் இவ்வளவு, ரத்தத்தில் இவ்வளவு, சிறுநீரில் இவ்வளவு என்று அன்றன்றைக்கு அளந்த கணக்குத் தொழிலாளி கையில் இருந்தால், தீர்ப்புக்கு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.

காரீயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இது குழந்தைகளுக்கு எமன். பெரியவர்கள் உறிஞ்சுவதைப் போல் 4, 5 மடங்கு காரீயத்தைக் குழந்தையின் குடல் உறிஞ்சிவிடும். ரத்தம் வற்றும், படிப்பு ஏறாது, முரட்டுத்தனம் வரும். 'பையன் மந்தம்' என்று நாம் திட்டிக் கொண்டிருப்போம். பாதுகாப்பான அளவு என்று காரீயத்துக்கு ஒன்றுமே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் முடிவு. 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடிக்கச் சொல்கிறார்கள்.

இப்போது சோதிப்பது எப்படி?

தண்ணீரைச் சுத்தமான புட்டியில் பிடித்து, அமிலம் சேர்த்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கே அந்தத் தண்ணீரைத் தீயில் அல்லது அதிவெப்பத்தில் ஆவியாக்கி, எந்த உலோகம் எந்த ஒளியை விழுங்குகிறது என்று ஒரு பெரிய இயந்திரம் பார்த்துச் சொல்கிறது. முடிவு நம்பகமானது. ஆனால் இயந்திரத்தின் விலை லட்சக்கணக்கான வெள்ளி. படித்த ஆள் வேண்டும். முடிவு வர நாளாகும். தோட்டத்து லயத்துக்கும் ஆற்றங்கரைக்கும் அந்த இயந்திரத்தைத் தூக்கிக் கொண்டு போக முடியாது. கையடக்கமான, மலிவான முதல் சோதனை ஒன்று வேண்டும். இங்கேதான் இலைக் கரி வருகிறது.

ஒளிர்வு என்றால் என்ன?

கடையில் வெள்ளி நோட்டை ஊதா விளக்கின் கீழே பிடித்துப் பார்க்கிறார்களே, கவனித்திருக்கிறீர்களா? சாதாரண வெளிச்சத்தில் தெரியாத கோடுகளும் எண்களும் பளிச்சென்று ஒளிரும். விளக்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் நம் கண்ணுக்குத் தெரியாது. நோட்டிலுள்ள மை அதை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றி வெளியே விடுகிறது. இதற்குப் பெயர் ஒளிர்வு.

இந்த அதிசயத்தை உலகத்துக்குக் காட்டியதில் நமக்குப் பழக்கமான மருந்துக்கும் பங்கு உண்டு. மலேரியாக் காலத்தில் தோட்டத்தில் வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்களே, கசக்கும் கொய்னா, அதுவேதான்! சிங்கோனா மரப்பட்டையில் எடுக்கும் அந்தக் கொய்னாக் கரைசல் வெயில் பட்டால் நீலமாக மினுங்குவதை 1845-ல் ஜான் ஹெர்ஷல் என்பவர் எழுதி வைத்தார். 1852-ல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் அதற்கு விளக்கமும் பெயரும் கொடுத்தார். இன்றும் கொய்னா கலந்த டானிக் பானத்தை ஊதா விளக்கில் பிடித்தால் நீலமாக ஒளிரும். மஞ்சள் கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக ஒளிரும். செடிகொடிக்குள்ளே வெளிச்சம் இருக்கிறது என்பது இதிலிருந்தே விளங்குகிறதல்லவா?

கரியே ஒளிரும் கதை

கரியை நமக்குச் சொல்லித்தர வேண்டாம். பிறையில் இருந்த மலாயாவாத்தா இரும்பு ஆலை 1967 முதல் பால்மரக் கட்டையைச் சுட்ட கரியைப் போட்டுத்தான் இரும்பை உருக்கியது. கறுப்பு என்றாலே கரிதான். அந்தக் கரி வெளிச்சம் விடும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

2004-ல் அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானிகள் கரிப்புகையிலிருந்து வேறொரு பொருளைப் பிரித்தெடுக்க முயன்றார்கள். நடுவே தேடாத ஒன்று கிடைத்தது. புற ஊதா விளக்கில் ஒளிரும் நுண்ணிய கரித்துகள்! 2006-ல் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் யா-பிங் சன் என்பவரின் குழு அதற்குக் 'கார்பன் புள்ளி' என்று பெயரிட்டது. நாம் கரிப்புள்ளி என்போம்.

எவ்வளவு சின்னது? ஒரு கரிப்புள்ளி பெரும்பாலும் 10 நானோமீட்டருக்குக் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பில் இப்படிப்பட்ட புள்ளிகளைச் சுமார் பத்தாயிரம் வரிசையாக அடுக்கலாம். பெரிய கரிக்கட்டைக்கு இல்லாத குணம் இந்தச் சிறுமைக்கு வந்துவிடுகிறது. இதே போல் ஒளிரும் வேறு நுண்துகள்களுக்கு 2023-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அவற்றில் பலவற்றுக்குக் காட்மியம் வேண்டும். நஞ்சைக் கண்டுபிடிக்க இன்னொரு நஞ்சா? கரிப்புள்ளியில் அந்தத் தொல்லை இல்லை. இலையும் தோலும் போதும்.

எப்படிச் செய்கிறார்கள்? இலையையோ தோலையோ கழுவி, நறுக்கி, தண்ணீரோடு கெட்டியான எஃகுக் குடுவையில் போட்டு இறுக மூடுகிறார்கள். நம் வீட்டுக் குக்கர் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். இந்தக் குடுவையைப் பெரும்பாலும் 180, 200 டிகிரியில் பல மணி நேரம் வைக்கிறார்கள். உள்ளேயுள்ள மாவும் சர்க்கரையும் புரதமும் வெந்து, கருகி, நுண்கரியாகின்றன. ஆறிய பிறகு வடிகட்டினால் கடுங்காப்பி நிறத்தில் ஒரு நீர் கிடைக்கும். ஊதா விளக்கில் பிடித்தால் அதுவே நீலமாக ஜொலிக்கும்!

யார் யார் செய்தார்கள்? 2012-ல் ஒடிசாவின் ரூர்கேலாத் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஆரஞ்சுச் சாற்றிலிருந்து செய்தார்கள். அதே ஆண்டில் சீனாவில் புல்லைக் கரியாக்கிச் செம்பைக் கண்டுபிடித்தார்கள். ஈப்போ போகும்போது சாலையோரம் தொங்கவிட்டு விற்பார்களே பம்ப்ளிமாஸ், அதன் தோலிலிருந்து செய்த கரிப்புள்ளி பாதரசத்தைக் காட்டியது. நம் குடிநீர் வரம்பில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அளவைக் கூட அது பிடித்துவிட்டது. 2017-ல் தன்பாத் நகரில் துளசி இலைக் கரி காரீயத்தைக் காட்டியது. 2018-ல் கொரியாவின் யோங்னாம் பல்கலைக்கழகத்தில் நம் வீட்டுக் கொல்லை அரநெல்லிக்காய், மலாய்க்காரர்கள் செர்மாய் என்பார்களே, அது இரும்பைக் காட்டியது. 2019-ல் செர்டாங்கிலுள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தார், பழம் உதிர்த்த பிறகு ஆலையில் மிஞ்சும் செம்பனை வெறுங்குலையின் நாரிலிருந்து கரிப்புள்ளி செய்து காட்டினார்கள். நாம் சுமந்து லாரியில் ஏற்றிய குலைதான் ஐயா அது!

நஞ்சை எப்படிக் காட்டிக் கொடுக்கிறது?

கரிப்புள்ளியின் மேலே ஆக்சிஜனும் நைட்ரஜனும் சேர்ந்த சிறு சிறு கொக்கிகள் நீட்டிக் கொண்டிருக்கும். தண்ணீரில் உலோக அயனி வந்தால் அந்தக் கொக்கியில் மாட்டிக் கொள்ளும். மாட்டியதும் என்ன நடக்கிறது? கரிப்புள்ளி புற ஊதாக் கதிரை விழுங்கி, அந்தச் சக்தியை ஒளியாக விட வேண்டும். மாட்டிக் கொண்ட உலோகம் அந்தச் சக்தியை நடுவழியிலேயே பிடுங்கிக் கொள்கிறது. ஒளி மங்குகிறது. பால் கப்பில் ஓட்டை விழுந்தால் மரம் சுரந்தாலும் கப்பு நிறையாது அல்லவா? அதே கணக்கு.

உலோகம் கூடக் கூட ஒளி குறையும். எவ்வளவு உலோகத்துக்கு எவ்வளவு மங்கல் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். பிறகு உங்கள் தண்ணீரில் எவ்வளவு மங்கிற்று என்று பார்த்து அளவைச் சொல்லிவிடலாம். இந்தப் புள்ளிகளைக் காகிதப் பட்டையில் தோய்த்து, தண்ணீரில் நனைத்து, சிறு ஊதா விளக்கில் பார்க்கும் முறைகளும் சோதனையில் உள்ளன.

இதன் குறைகளையும் தெரிந்து கொள்ளுங்கள்

நல்லதை மட்டும் சொல்லி ஆசை காட்டக் கூடாது. முதலாவது, ஒளி மங்கியதற்குக் காரணம் காரீயம்தான் என்று உறுதி கிடையாது. இரும்பும் செம்பும் கூட மங்க வைக்கும். இரும்பு நிறைந்த கிணற்றுத் தண்ணீரில் பொய்க் குற்றம் சாட்டிவிடும். இரண்டாவது, கலங்கல் நீரும், சதுப்புக் காட்டுத் தேநீர் நிறத் தண்ணீரும், புளிப்பு மிகுந்த தண்ணீரும் முடிவைக் கெடுக்கும். மூன்றாவது, ஒரு தடவை செய்த கரிப்புள்ளி போலவே மறு தடவையும் வரும் என்று சொல்ல முடியாது; இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் மாறும். ஆகவே இது சந்தேகத்தை எழுப்பும் முதல் சோதனையாக இருக்கலாம். ஆய்வுக்கூட முடிவின் இடத்தைப் பிடிக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. துளசி காரீயத்தைக் கண்டுபிடிக்கிறதாம் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர்க் குடத்தில் துளசியைப் போட்டுக் குடிக்காதீர்கள். பச்சை இலை எதையும் காட்டாது, எதையும் நீக்காது. வீட்டில் மூடிய பாத்திரத்தில் கரி செய்து பார்க்கவும் கூடாது, அழுத்தத்தில் வெடித்துவிடும். ஊதா விளக்கைக் கண்ணுக்கு நேரே பார்க்கக் கூடாது.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

வீட்டில்:

1. பினாங்குக் குழாய்த் தண்ணீரில் பெரும் பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுத்து, சுங்கை டுவாவில் சுத்திகரித்து வருவது. குழாய்த் தண்ணீர் கிடைக்கும் இடத்தில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துங்கள். தொழிற்சாலை ஓரக் கிணறும் குட்டையும் வேண்டாம்.

2. வீட்டுக் குழாய் மிகப் பழையதானால், காலையில் முதலில் வரும் தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் செடிக்கு ஊற்றுங்கள். பிறகு பிடித்துக் குடியுங்கள்.

3. மருந்து வந்த டின்னிலும் பீப்பாயிலும் தண்ணீர் பிடிக்கவே கூடாது. எத்தனை தடவை கழுவினாலும் கூடாது. ஓட்டை போட்டு ஒப்படைத்துவிடுங்கள்.

4. பழைய பேட்டரியை வீட்டு வாசலில் உடைத்துக் காரீயம் உருக்காதீர்கள். கிடைக்கிற பத்து இருபது வெள்ளிக்காகப் பிள்ளையின் மூளையை விலை பேசாதீர்கள்.

5. பேர் தெரியாத பொட்டலத்துக் குங்குமமும் செந்தூரமும் வாங்காதீர்கள். வெளிநாடுகளில் சோதித்தபோது பல மாதிரிகளில் காரீயம் இருந்தது. கண்ணைப் பறிக்கும் மஞ்சள் தூளிலும் காரீயச் சாயம் கலந்ததை வங்காளதேசத்தில் 2019-ல் கண்டுபிடித்தார்கள். மஞ்சள் கிழங்கு வாங்கி நீங்களே அரையுங்கள்.

6. பிள்ளைகளுக்குக் கீரை, மீன், முட்டை, பால் கொடுங்கள். வயிறு காலியாக இருந்தாலும், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்தாலும், காரீயம் உடம்பில் கூடுதலாக ஏறும்.

வேலையிடத்தில்:

1. கை கழுவாமல் சாப்பிடாதீர்கள், வெற்றிலை போடாதீர்கள், சிகரெட் பிடிக்காதீர்கள். வேலை மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

2. வேலை உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். அந்த உடுப்பைத் தனியாகத் துவையுங்கள்.

3. வாயில் உலோக ருசி, அடிக்கடி வயிற்று வலி, மலச்சிக்கல், கை நடுக்கம், ஈறு வீக்கம், காரணமில்லாத சோர்வு இருந்தால், மருத்துவரிடம் 'நான் இன்ன பொருளோடு வேலை செய்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவர் வயிற்று வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவில்லையென்றால், அந்த இடத்தை விட்டு விலகிக் கொள்ளும் உரிமையும் அந்தத் திருத்தத்தில் தொழிலாளிக்குக் கிடைத்தது. 2000-ம் ஆண்டு ரசாயனப் பொருள் விதிகளின்படி, கெடுதலான பொருள் புழங்கும் இடத்தில் ஆபத்தை மதிப்பிட வேண்டியதும், தேவையான இடத்தில் தொழிலாளிக்கு மருத்துவக் கண்காணிப்பு ஏற்பாடு செய்ய வேண்டியதும் முதலாளியின் பொறுப்பு. முடிவைத் தொழிலாளிக்குத் தெரிவிக்க வேண்டும்.

வேலையால் வந்த காரீய நஞ்சும் பாதரச நஞ்சும் சொக்சோ பட்டியலில் தொழில் நோய்களாக உள்ளன. 2019 முதல் முறையான அனுமதியோடு வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் வங்காளதேசத் தோழருக்கும் இந்தோனேசியத் தோழருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள். நஞ்சுக்குக் கடப்பிதழ் கிடையாது.

கிளைச் செயற்குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பேச்சுவார்த்தையில் சம்பளத்தோடு மூன்று கேள்விகளையும் சேர்த்து வையுங்கள். குடிநீரைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எந்தெந்த உலோகத்துக்குச் சோதித்தீர்கள்? முடிவின் நகலை எங்களுக்கு எப்போது தருவீர்கள்? பதில் எழுத்தில் வர வேண்டும். அந்தத் தாளைக் கோப்பில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். கொடைக்கானல் தோழர்களுக்கு இல்லாமல் போனது அந்தத் தாள்தான்.

இலைக் கரியின் வெளிச்சம் ஆய்வுக்கூடத்தை விட்டு நம் ஆற்றங்கரைக்கும் லயத்துக்கும் வந்து சேர இன்னும் காலம் பிடிக்கலாம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளில் ஒருவரே அதைக் கொண்டு வரக் கூடாதா என்ன? அறிவியல் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அது வரும் வரைக்கும் நம்மிடம் உள்ள கருவி நம் வாய்தான். கேளுங்கள்; கேட்டுக்கொண்டே இருங்கள்.